கிழக்குக் கடலின் எண்ணெய் ஆய்வும் அரச மேற்பார்வையும்

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3ஆம் திகதி காலை, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் ‘நியூ டயமண்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 மெற்றிக் தொன் மசகு எண்ணெயை அது ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. இயந்திர அறையில் ஏற்பட்ட வெடிப்பில் பிலிப்பைன்ஸ் நாட்டு ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஏனைய 22 பேரும் மீட்கப்பட்டனர். இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவற்படையும் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தன. எண்ணெய்த் தாங்கிகளுக்குத் தீ பரவவில்லை. கப்பலின் எரிபொருள் மாத்திரமே கசிந்து கடல்மேற்பரப்பில் படலமாக மிதந்தது. மசகு எண்ணெய் முழுவதும் கடலில் கலந்திருக்குமாயின் பொத்துவில் முதல் மருதமுனை வரையான கரையோரம் என்னவாகியிருக்கும் என்பதை அந்நாட்களில் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் அச்சத்துடன் கரையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இந்த நிகழ்வை நாம் இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடலின் அடியில் எண்ணெயும் இயற்கை வாயுவும் இருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு நீண்ட காலமாகவே நிலவி வருகின்றது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரான்ஸின் டோட்டல் கம்பனியுடன் கிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள ஜேஎஸ்-5, ஜேஎஸ்-6 ஆகிய கடற்பரப்புகள் தொடர்பாகக் கூட்டு ஆய்வு ஒப்பந்தமொன்றை அரசாங்கம் செய்துகொண்டது. அப்பரப்புகளில் இதுவரை கிணறு எதுவும் துளையிடப்படவில்லை. எண்ணெயோ வாயுவோ கண்டறியப்படவும் இல்லை. எனினும், கண்டறியப்பட்ட பின்னர் விதிகளை வகுப்பதைவிட அதற்கு முன்னரே வகுத்துக்கொள்வதே அறிவுடைமையாகும். ஏனெனில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்னர் நிபந்தனைகளை மாற்ற முற்படும் அரசு, கம்பனியின் சம்மதத்தையோ அன்றேல் நட்டஈட்டு வழக்கையோ எதிர்கொள்ள வேண்டியேற்படும்.

இலங்கையில் எண்ணெய் தேடும் முயற்சி புதியதொன்றல்ல. 1970களில் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் துளையிடப்பட்டன. அதனைத் தொடர்ந்து வெளிநாட்டுக் கம்பனிகள் பாக்கு நீரிணைப் பகுதியிலும் மன்னார் வளைகுடாவிலும் சில ஆய்வுக் கிணறுகளைத் துளைத்தன. பயன்தரக்கூடிய பலன் கிடைக்கவில்லை. பின்னர் 2003ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் கீழ் 2008ஆம் ஆண்டில் மன்னார்ப் படுகையின் ஒரு பகுதி கெய்ர்ன் இந்தியாவின் துணை நிறுவனமான கெய்ர்ன் லங்காவுக்கு வழங்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் ஜப்பானின் ‘சிக்கியூ’ என்னும் துளையிடும் கப்பலைக் கொண்டு அந்நிறுவனம் மூன்று கிணறுகளைத் துளைத்தது. ‘டொராடோ’, ‘பராகுடா’ எனப் பெயரிடப்பட்ட இரண்டில் இயற்கை வாயு இருப்பது தெரியவந்தது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை வீழ்ச்சியடைந்திருந்த 2015ஆம் ஆண்டில் அந்நிறுவனம் விலகிச் சென்றது. கண்டறியப்பட்ட வாயு இன்னமும் கடலடியிலேயே கிடக்கின்றது.

2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இதன் மூலம் இலங்கைப் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை உருவாக்கப்பட்டது. அமைச்சின் செயலகமொன்று கவனித்துவந்த பணிகளுக்குச் சட்டபூர்வமான நிறுவனம் ஒன்று கிடைத்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயினும், அவ்வதிகாரசபையின் பணிகளை நோக்கும்போது ஓர் அடிப்படை வினா எழுகின்றது. முதலீட்டாளர்களை வரவழைப்பது, கடற்பரப்புகளை ஏலத்துக்கு விடுவது, அரசின் வருமானம் பெருக வழி தேடுவது ஆகிய பணிகள் அதனிடமே உள்ளன. அதே கம்பனிகளின் செயற்பாடுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் அதனிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. விற்பனையாளரும் பரிசோதகரும் ஒருவராகவே இருப்பது எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதே அவ்வினா.

இதற்கான விடையை உலக நாடுகள் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டன. 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி வட கடலில் ‘பைப்பர் அல்பா’ எண்ணெய் மேடை வெடித்ததில் 167 பேர் மாண்டனர். அதனை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வெளியானது. உற்பத்தியை ஊக்குவிக்கும் எரிசக்தித் திணைக்களமே பாதுகாப்பையும் கவனிப்பது தகாது எனக் கண்டு, அப்பொறுப்பைத் தொழிற் பாதுகாப்புக்கான தனி நிறுவனத்திடம் மாற்றுமாறு அது பரிந்துரைத்தது. பிரித்தானியா அவ்வாறே செய்தது. நோர்வே 2004ஆம் ஆண்டில் தனது பெற்றோலியப் பணிப்பகத்திலிருந்து பாதுகாப்புக் கண்காணிப்பைப் பிரித்துத் தனி அதிகாரசபையாக்கியது. அமெரிக்காவோ 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி மெக்ஸிகோ வளைகுடாவில் ‘டீப்வோட்டர் ஹொரைசன்’ மேடை வெடித்து 11 பேர் இறக்கும் வரை காத்திருந்தது. குத்தகைக்கு விடுதல், வருமானம் சேகரித்தல், பாதுகாப்பைப் பரிசோதித்தல் ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்துவந்த நிறுவனம் அதன் பின்னரே கலைக்கப்பட்டு மூன்றாகப் பிரிக்கப்பட்டது.

கப்பலில் ஏற்படும் விபத்துக்கும் கிணற்றில் ஏற்படும் விபத்துக்கும் இடையிலான வேறுபாட்டை இங்கு விளக்குவது பொருத்தமாகும். கப்பலில் உள்ள எண்ணெய்க்கு ஓர் அளவுண்டு. கடலடிக் கிணறு அத்தகையதன்று. பூமிக்கடியில் பெரும் அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயையும் வாயுவையும், துளைக்குள் செலுத்தப்படும் கனமான சேற்றுக் கலவையும் உருக்குக் குழாய்களைச் சுற்றி இடப்படும் சீமெந்தும் கடற்றரையில் பொருத்தப்படும் அடைப்புக் கருவியுமே கட்டுப்படுத்துகின்றன. இவை ஒன்றன்பின் ஒன்றாகத் தவறுமாயின் கிணறு தானாக நிற்பதில்லை. மெக்ஸிகோ வளைகுடாவில் அது 87 நாட்கள் பீறிட்டது. சீமெந்து உரிய முறையில் இறுகியதா, அடைப்புக் கருவி பரிசோதிக்கப்பட்டதா என்பன கரையிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாது. அதனால்தான், கம்பனியின் வார்த்தையை மட்டும் நம்பாது கேள்வி கேட்கத் தெரிந்த, வேலையை நிறுத்தும் அதிகாரமுள்ள பரிசோதகர் தேவைப்படுகின்றார்.

எமது கரையோர மக்களுக்கு மிகவும் நெருக்கமான பாடம் அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் இருந்து கிடைக்கின்றது. 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆம் திகதி அங்கு ‘மொன்ராரா’ கிணறு கட்டுப்பாட்டை இழந்து 74 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. தொலைவிலிருந்த இந்தோனேசியத் தீவுகளில் கடற்பாசி வளர்த்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தமது விளைச்சல் அழிந்ததாக முறையிட்டன. எண்ணெய் அங்கு வரவேயில்லை எனக் கம்பனி வாதிட்டது. விபத்துக்கு முன்னர் அக்கடல் எவ்வாறு இருந்தது என்பதற்கு முறையான பதிவு இல்லாமையால், நேர்ந்ததை நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்ட ஏழைகளின் தலையிலேயே விழுந்தது. 2016இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2021இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. 2022இல் 192.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வழங்கக் கம்பனி இணங்கியது. நீதி கிடைத்தது உண்மையே. ஆனால், அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. நாளாந்தம் கடலுக்குச் சென்று அன்றாடம் உண்ணும் குடும்பம் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்க இயலுமா?

எமது நாட்டின் அனுபவமும் இதற்கு வேறுபட்டதன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் தொடர்பாக ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஜூலையில்தான் உத்தரவிட்டது. ‘நியூ டயமண்ட்’ கப்பலின் கப்டனுக்கு மேல் நீதிமன்றம் விதித்த அபராதம் ஒரு கோடியே 20 இலட்சம் ரூபா. கப்பல் விபத்துகளிலேயே நிலைமை இவ்வாறாயின், கிணற்று விபத்தொன்றில் எவர், எவ்வளவு, எப்பொழுது செலுத்துவார் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டிய விடயமாகும்.

அரச திட்டமொன்றின் பக்கவிளைவை இக்கரையோரம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துள்ளது. டென்மார்க்கின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013ஆம் ஆண்டு செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் இப்பிரதேசத்தின் நீண்டநாள் கனவாகும். ஆனால், அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர் கரையோரமாக நகரும் மணலின் போக்கு மாறியது. துறைமுக வாயில் மணலால் அடைபட்டது. படகுகள் உட்செல்லவும் வெளியேறவும் முடியாது தவித்தன. மறுபுறம் ஒலுவில், நிந்தவூர்ப் பகுதிகளில் தென்னந்தோட்டங்களையும் மீனவர் வாடிகளையும் கடல் விழுங்கியது. மணல் எங்கே செல்லும் என்பதைக் கரைவலைக்காரரிடம் கேட்டறிந்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்றும் இக்கிராமங்களில் ஒலிக்கின்றது. அந்த ஆதங்கத்தில் நியாயம் இருப்பதாகவே நாம் கருதுகின்றோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையால் நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்கள் கடலால் இழந்தவற்றைக் கடலிலேயே உழைத்து மீட்டெடுத்தன. திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் கோமாரியிலும் வாழும் தமிழ் மீனவரும், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பொத்துவில் முஸ்லிம் மீனவரும் ஒரே கடலையே நம்பி வாழ்கின்றனர். கச்சான் வீசும் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி எழும். வாடைக் காலத்திலோ அது கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். மார்கழியில் நேரும் ஓர் எண்ணெய்க் கசிவு கரைக்கும் களப்பு முகத்துவாரங்களுக்கும் தள்ளப்படும் ஆபத்து, செப்டெம்பரில் நேர்ந்ததைவிடப் பன்மடங்கு அதிகமாகும். எந்த மாதத்தில் துளையிடலாம், எந்த மாதத்தில் கூடாது என்பதும் ஒழுங்குவிதிகளில் இடம்பெற வேண்டிய விடயமே.

இவ்வாறு கூறுவதனால் எண்ணெய் ஆய்வே வேண்டாம் என நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காகவும் சமையல் எரிவாயுவுக்காகவும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் நாம். மண்ணெண்ணெய் கிடைக்காமையால் வள்ளங்கள் கரையில் கிடந்ததையும் கண்டோம். சொந்த வாயு வளம் இறக்குமதிச் செலவைக் குறைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. சிறிய நாடொன்றால் இரண்டு நிறுவனங்களைப் பராமரிக்க இயலாது, கடுமையான விதிகள் முதலீட்டாளரை விரட்டிவிடும் என்ற வாதங்களும் முன்வைக்கப்படுகின்றன. ஆனால், மொன்ராரா விபத்தின் பின்னர் 2012இல் அவுஸ்திரேலியா விரிந்த அதிகாரங்களுடன் அமைத்த கண்காணிப்பு நிறுவனத்தின் செலவைக் கம்பனிகளே கட்டணமாகச் செலுத்துகின்றன. திறைசேரிக்கு அது சுமையாகவில்லை. கடும் விதிகளையுடைய நோர்வேயை விட்டு முதலீட்டாளர் ஓடிவிடவும் இல்லை. தெளிவான விதியைவிட, ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் விதியே முதலீட்டாளரை அஞ்சவைக்கின்றது.

எனவே, சில நடவடிக்கைகளை அரசாங்கம் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டும். முதலாவதாக, பாதுகாப்பையும் சூழலையும் பரிசோதிக்கும் அதிகாரம் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபையிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஏலத்தின் வருமானத்தோடு தொடர்பில்லாத அமைப்பொன்றிடம் வழங்கப்பட வேண்டும். 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபையை ஆளணியாலும் உபகரணங்களாலும் வலுப்படுத்துவது இதற்கு ஒரு வழியாகும். இரண்டாவதாக, துளையிடும் கம்பனி விபத்துக்கும் கிணற்றை மூடுவதற்குமான நிதியுத்தரவாதத்தை முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திராது இடைக்கால நிவாரணம் வழங்கும் ஏற்பாடும் அதில் இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, கிழக்குக் கடலின் இன்றைய நிலையை, அதாவது மீன்வளம், நீரின் தரம், நீரோட்டம், கரைமணலின் நகர்வு ஆகியவற்றை இப்பொழுதே பதிவுசெய்ய வேண்டும். ‘நாரா’ நிறுவனமும் ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இணைந்து இப்பணியை ஆற்றலாம்.

நான்காவதாக, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான சூழல் தாக்க மதிப்பீடுகள் மக்களின் பார்வைக்கு வைக்கப்படும் 30 நாட்களில், அவை தமிழ் மொழியிலும் கரையோரப் பிரதேச செயலகங்களிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும். கொழும்பில் ஆங்கிலத்தில் வைக்கப்படும் அறிக்கை பொத்துவில் மீனவருக்கு அறிவித்ததாக ஆகாது. ஆய்வுக் கப்பல்கள் பல கிலோமீற்றர் நீளமான வடங்களை இழுத்துச் செல்லும் நாட்களில் வலை விரிக்க முடியாது போகும் மீனவருக்கு முன்னறிவித்தலும் இழப்பீடும் வழங்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, ஒப்பந்தங்களும் பரிசோதனை அறிக்கைகளும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில், கடலடி வளம் குடியரசுக்கு உரியது எனச் சட்டமே கூறும்போது, அவ்வளத்தை எவ்வாறு வழங்கினோம் என்பதைக் குடிமக்களிடம் மறைப்பதற்கு நியாயமில்லை.

பெற்றோலியம் மத்திய அரசின் அதிகாரத்துக்குட்பட்ட விடயம் என்பதால் மாகாண சபையோ உள்ளூராட்சி மன்றங்களோ இதில் முடிவெடுக்க முடியாது. ஆனால், விபத்து நேர்ந்தால் கரையில் ஒதுங்கும் எண்ணெயை அள்ளப்போவது அம்பாறையின் பிரதேச சபைகளும் மாநகர சபைகளும் பள்ளிவாசல், ஆலயச் சங்கங்களின் இளைஞர்களுமே. இழப்பில் பங்குள்ளவர்களுக்கு முடிவிலும் ஒரு குரல் இருத்தல் வேண்டும். மக்கள் பிரதிநிதிகள் இவ்விடயத்தைப் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டிய காலம், ஏல அறிவித்தல் வெளியாவதற்கு முந்திய இக்காலமேயாகும்.

2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் அம்பாறைக் கடல் தப்பியது. அடுத்த முறையும் அவ்வாறே தப்பும் என நம்பியிருப்பது ஓர் அரசின் கொள்கையாக இருக்க முடியாது.