பனிச்சாலையில் செல்வதும் நிற்பதும்

பனி மூடிய சாலையில் ஒரு கார் எதனால் தடுமாறாமல் ஓடுகிறது? இருபதாம் நூற்றாண்டு இதற்கு இரண்டு விடைகளைக் கண்டது. எஞ்சினின் விசை எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பது ஒன்று; அச்சக்கரங்களில் எந்த டயர் பூட்டப்பட்டுள்ளது என்பது மற்றொன்று. புகழ் முதல் விடைக்கே போய்ச் சேர்ந்தது. உயிர்காக்கும் பணியில் பெரும்பங்கு இரண்டாவதனுடையது.

தற்செயலாக, 1934ஆம் ஆண்டு இரண்டிற்குமே முக்கியமானது. பிரான்சின் சித்ரோவன் நிறுவனம் 'திராக்சியோன் அவான்' என்னும் முன்சக்கர இயக்கக் காரை அவ்வாண்டு வெளியிட்டது. அதே ஆண்டில் பின்லாந்தின் நோக்கியா நகரிலிருந்த ரப்பர் ஆலை, பனிக்கென்றே ஒரு லாரி டயரை உருவாக்கியது. 1936இல் கார்களுக்கான டயர் வந்தபோது அதற்கு 'ஹக்கப்பெலீட்டா' என்று பெயரிட்டனர். முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னரின் படையில் போரிட்ட பின்லாந்துக் குதிரைவீரர்களின் பெயர் அது.

எஞ்சின் முன்னும் விசை பின்னுமாக அமைந்த கார்களில், பாரம் குறைந்த பின்சக்கரங்கள் பனியில் வீணே சுழலும். முன்சக்கர இயக்கத்தில் எஞ்சினின் எடையே விசை பெறும் சக்கரங்களைத் தரையோடு அழுத்துகிறது. சுவீடனின் சாப் நிறுவனம் 1949 முதல் இம்முறையையே கைக்கொண்டது. அதன் சிறிய காரில் எரிக் கார்ல்சன் 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ பந்தயத்தை வென்றார்.

அடுத்தது நான்கு சக்கர இயக்கத்தின் காலம். 1977 குளிர்காலத்தில் பின்லாந்தில் நடந்த சோதனைகளில், ஆற்றல் குறைந்த 'இல்டிஸ்' என்னும் ராணுவ வண்டி ஆற்றல் மிக்க கார்களைப் பனியில் விஞ்சியதை ஆடி நிறுவனப் பொறியாளர் யோர்க் பென்சிங்கர் கண்டார். 1978 ஜனவரியில் அந்நிறுவனத்தின் சோதனைக் கார், கோடைக்கால டயர்களுடனேயே ஆஸ்திரியாவின் டுராக்கர் மலைப்பாதையில் 23 விழுக்காட்டுச் சரிவை ஏறியது. 1980இல் 'குவாட்ரோ' அறிமுகமாயிற்று.

ஆயினும் அது ஏறிய கதை, இறங்கிய கதையன்று. எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. எஞ்சின் விசை எங்கே செல்கிறது என்பது நிற்கும்போது பெரிதும் உதவுவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் மென்மை குன்றாது. அதன் பள்ளங்களில் திணியும் பனி, சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது. பின்லாந்து 1978இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியபோது, காரை எந்தச் சக்கரம் இயக்குகிறது என்று கேட்கவில்லை.

டயரின் பிடிப்பிற்கும் விலை உண்டு. ஜப்பானின் செண்டாய் நகரில் 1980களில், டயர்களில் பதித்த உலோக ஆணிகள் பனியற்ற சாலைகளைச் சுரண்டியெழுப்பிய தூசியை மக்கள் சுவாசிக்க நேர்ந்தது. 1990இல் ஆணி டயர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. 1988இலேயே வந்துவிட்ட பிரிட்ஜ்ஸ்டோனின் 'பிளிசாக்' போன்ற ஆணியற்ற டயர்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பிளிசாக்கின் ரப்பரிலுள்ள நுண்துளைகள் பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

காற்று தெளிந்தது. ஆனால் சுரண்டிவிட ஆணிகள் இல்லாததால், சப்போரோவின் சாலைச் சந்திப்புகளில் பனிக்கட்டி கண்ணாடிபோல் மெருகேறி, கார்களும் நடந்து செல்வோரும் வழுக்கினர். மணலும் உப்பும் தூவுவது நகரத்தின் குளிர்காலக் கடமையாயிற்று. சாலையில் நிற்பதற்கான உரிமையும் மூச்சுவிடுவதற்கான உரிமையும் மோதியபோது, அந்நாட்டினர் மூச்சைத் தேர்ந்தனர். எஞ்சிய சுமையை ரப்பரும் மணலும் ஓட்டுநரின் நிதானமும் பகிர்ந்துகொண்டன.