ஷெர்லாக் தொடரும் அதன் பார்வையாளர்களும்

ஷெர்லாக் (2010–2017) என்பது ஆர்தர் கோனன் டாயிலின் துப்பறியும் கதைகளை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்த பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர். ஸ்டீவன் மொஃபட், மார்க் கேட்டிஸ் இருவரும் உருவாக்கினர். பெனடிக்ட் கம்பர்பேட்ச் ஹோம்ஸாகவும் மார்ட்டின் ஃப்ரீமன் டாக்டர் வாட்சனாகவும் நடித்தனர். முதல் பகுதி 2010 ஜூலை 25 அன்று ஒளிபரப்பானது. நான்கு பருவங்களில் 12 பகுதிகளும் 2016 புத்தாண்டு நாளில் வந்த சிறப்புப் பகுதியும் சேர்த்து மொத்தம் 13. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும்.

பார்வையாளர்கள் இத்தொடரைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அதனோடு வாதாடினார்கள், விடுபட்டதை ஊகித்தார்கள், கடைசியில் கோபித்தும் கொண்டார்கள். காலமும் உடையும் கருவிகளும் மாறியதை அவர்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். துப்பு தங்கள் கண்ணுக்கு மறைக்கப்பட்ட இடங்களில்தான் சண்டைக்கு வந்தார்கள்.

கடிகாரமும் செல்போனும்

1890-இல் வந்த ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ நாவலின் தொடக்கத்தில் வாட்சன் ஒரு கடிகாரத்தை நீட்டுகிறார். பின்புறத்தில் பொறித்த எழுத்துகள், உள்மூடியில் அடகுக் கடைக்காரர் கீறிய எண்கள், சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி ஏராளமான கீறல்கள். தந்தையிடமிருந்து மூத்த மகனுக்கு வந்த கடிகாரம், அந்த மகன் குடித்துக் கெட்டவன், இரவில் கை நடுங்கச் சாவி கொடுத்தவன் என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார்.

தொடரின் முதல் பகுதியில் கடிகாரத்தின் இடத்தில் ஒரு செல்போன். வேலையில்லாமல் அறை தேடும் வாட்சனுக்குக் கட்டுப்படியாகாத விலை. பின்புறத்தில் ‘ஹாரி வாட்சனுக்கு, கிளாராவிடமிருந்து’ என்ற பொறிப்பு. சார்ஜர் செருகும் இடத்தைச் சுற்றி அதே கீறல்கள். குடிகார அண்ணன் என்கிறார் ஷெர்லாக். ஹாரி என்பது ஹாரியட், அதாவது வாட்சனின் சகோதரி என்று தெரியவரும்போது ஷெர்லாக்கின் முகம் சுருங்குகிறது. மூலக் கதையைப் படித்தவருக்கு இது இரட்டை இன்பம். படிக்காதவருக்கும் எதுவும் குறையவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு கீறலும் திரையில் அவர் கண்முன்னே இருந்தது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தார் இந்த மாற்றத்தை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். டாடாவும் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரின் அடையாளமாகவே ஆனது. இன்று அதே மாவட்டத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்களைச் செய்கிறது. ஒரு பொருளின் மேல் விழுந்த மெல்லிய கீறலைக் கண்டுபிடிப்பது இங்கே தினசரி வேலை.

கூரையிலிருந்து விழுந்த பிறகு

2012 ஜனவரி 15-இல் ஒளிபரப்பான ‘தி ரைகன்பாக் ஃபால்’ பகுதியில் ஷெர்லாக் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைக் கூரையிலிருந்து குதிக்கிறார். வாட்சன் கல்லறையின் முன் அழுகிறார். தொலைவில் ஷெர்லாக் உயிரோடு நிற்பதைப் பார்வையாளர் மட்டும் காண்கிறார். அடுத்த பகுதியான ‘தி எம்ப்டி ஹர்ஸ்’ வந்தது 2014 ஜனவரி 1-இல்.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் ரசிகர்கள் அக்காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி ஆராய்ந்தார்கள். தெருவில் நின்ற லாரி எதற்கு, வாட்சனை இடித்துத் தள்ளிய சைக்கிள்காரர் யார், நாடித்துடிப்பை நிறுத்திக் காட்ட முடியுமா என்றெல்லாம் கேள்விகள். மருத்துவமனை அருகிலிருந்த தொலைபேசிக் கூண்டில் ஷெர்லாக்கை நம்புவதாக எழுதிய சீட்டுகள் ஒட்டப்பட்டன.

இதற்கு முன்னோடி உண்டு. 1893 டிசம்பரில் ஸ்ட்ராண்ட் இதழில் கோனன் டாயில் ஹோம்ஸைக் கொன்றபோது வாசகர்கள் கொதித்தார்கள். லண்டன்வாசிகள் கறுப்புப் பட்டை அணிந்து துக்கம் கொண்டாடினார்கள் என்று இன்றுவரை சொல்லப்படுவதற்கு அக்காலச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் வாசகர் நெருக்குதல் உண்மை. 1903-இல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பினார்.

அந்த மீட்சிக்குக் கோனன் டாயில் ஒரு விளக்கம் தந்தார். தொடரோ பல விளக்கங்களைத் தந்தது. ‘தி எம்ப்டி ஹர்ஸ்’ பகுதியில் ரசிகர் மன்றம் போன்ற ஒரு குழு கூடி ஆளுக்கொரு ஊகம் சொல்கிறது. கடைசியில் ஷெர்லாக்கே சொல்லும் விளக்கத்தைக் கேட்பவரும் முழுதாக நம்பவில்லை. தங்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று சிலர் மகிழ்ந்தார்கள். விடை தெரியாததால் கேள்வியையே கிண்டல் செய்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் வருந்தினார்கள். இரண்டாம் தரப்பின் பக்கமே நியாயம் அதிகம். இரண்டு ஆண்டுகள் புதிரை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கு ஒரு நேரான விடை தரப்பட்டிருக்க வேண்டும்.

ஐரீன் ஆட்லர் சர்ச்சை

1891-இல் வந்த ‘எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா’ கதையில் ஐரீன் ஆட்லர் ஹோம்ஸை வென்று, கணவருடன் ஊரைவிட்டுப் போகிறார். தோற்ற ஹோம்ஸ் அவர் படத்தை மட்டும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். 2012 புத்தாண்டில் வந்த தொலைக்காட்சி வடிவத்தில் ஷெர்லாக் அவருடைய செல்போன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் தோற்கடிக்கிறார். பிறகு கராச்சியில் கொலைக் கத்தியிலிருந்து காப்பாற்றவும் செய்கிறார். விக்டோரியா காலத்து எழுத்தாளர் தந்த வெற்றியை இருபத்தொன்றாம் நூற்றாண்டு பறித்துக்கொண்டது என்ற கண்டனம் எழுந்தது. அதற்குத் தொடரின் தரப்பிலிருந்து வலுவான பதில் வரவில்லை.

நான்காம் பருவம்

2017 ஜனவரியில் வந்த மூன்று பகுதிகளில் துப்பறிதல் பின்னுக்குப் போய்க் குடும்ப ரகசியம் முன்னுக்கு வந்தது. வாட்சனின் மனைவி மேரி இறந்தார். யாரும் கேள்விப்படாத தங்கை யூரஸ் தோன்றினார். கடைசிப் பகுதி ஒளிபரப்புக்கு ஒரு நாள் முன்பே ரஷ்ய மொழிக் குரலுடன் இணையத்தில் கசிந்தது. 2014-இல் ‘தி எம்ப்டி ஹர்ஸ்’ பகுதியை ஒளிபரப்பான இரவில் சுமார் 92 லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இறுதிப் பகுதிக்கு அது சுமார் 59 லட்சமாகச் சரிந்தது.

ஒரு சாராருக்கு ஏமாற்றம் நம்ப முடியாத அளவுக்கு இருந்தது. உண்மையான நான்காம் பகுதி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த வாரம் அதே நேரத்தில் தொடங்கவிருந்த ‘ஆப்பிள் ட்ரீ யார்ட்’ என்ற வேறொரு தொடரே அதற்கான போர்வை என்று அவர்கள் நம்பினார்கள். அது வேறு தொடராகவே இருந்தது. துப்புகளைத் தேடப் பழக்கிய தொடர், துப்பே இல்லாத இடத்திலும் தேட வைத்துவிட்டது.

ஹோம்ஸ் ஜேம்ஸ் பாண்டாகிவிட்டார் என்று கார்டியன் நாளிதழ் விமர்சித்தபோது மார்க் கேட்டிஸ் செய்யுளில் பதில் எழுதினார். 1912-இல் தம்மைக் குறை சொன்ன ஆர்தர் கைட்டர்மனுக்குக் கோனன் டாயிலும் செய்யுளிலேயே பதில் சொல்லியிருந்தார்.

இந்தியாவும் தமிழும்

இந்தியாவில் ஷெர்லாக் தொடருக்கு நேரெதிரான அனுபவம் ‘ப்யோம்கேஷ் பக்ஷி’. சரதிந்து பந்தோபாத்யாயின் வங்கக் கதைகளைப் பாசு சாட்டர்ஜி 1993-இல் தூர்தர்ஷனுக்காக இந்தியில் எடுத்தார். 1997-இல் இரண்டாம் பருவம் வந்தது. ரஜித் கபூர் ப்யோம்கேஷாகவும் கே. கே. ரெய்னா அஜித்தாகவும் நடித்தனர். காலத்தை மாற்றவில்லை, வேகமும் இல்லை. வேட்டி கட்டிய ஒருவர் நிதானமாக யோசிப்பதைக் காட்டியது, அவ்வளவுதான். 2020 மார்ச் ஊரடங்கில் தூர்தர்ஷன் அதை மறுஒளிபரப்பு செய்தபோது அடுத்த தலைமுறையும் உட்கார்ந்து பார்த்தது. 2024-இல் கே கே மேனன் நடிப்பில் வந்த ‘ஷேகர் ஹோம்’ ஹோம்ஸை 1990களின் வங்கச் சிற்றூருக்குக் கொண்டுபோனது.

தமிழில் தழுவல் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைத் தமிழ் வாசகருக்கேற்ப மாற்றி எழுதினார். தேவனின் துப்பறியும் சாம்பு, காத்தாடி ராமமூர்த்தியின் நடிப்பில் தூர்தர்ஷனுக்கு வந்தார். மிஷ்கினின் ‘துப்பறிவாளன்’ (2017) ஹோம்ஸைக் கணியன் பூங்குன்றன் என்ற பெயரில் சென்னைக்குக் கொண்டுவந்தது. சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷுக்கு வாய்த்தது வேறு. ‘ப்ரியா’ நாவல் லண்டனில் நடக்கும். 1978-இல் ரஜினிகாந்த் கணேஷாக நடித்த படம் சிங்கப்பூருக்குப் போனது. பாடல்கள் பெரும் வெற்றி பெற்றன, கணேஷின் வாதத் திறமை காணாமல் போனது.

கணேஷும் அவர் உதவியாளர் வசந்தும் வரும் கதைகளைச் சின்னத்திரைக்கு எடுக்க விரும்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஊரை மாற்றுங்கள், காலத்தை மாற்றுங்கள், செல்போனும் கொடுங்கள். துப்பை மட்டும் பார்ப்பவர் கண்முன்னே வையுங்கள்.