ஆசிரியராகப் பயின்ற வரலாறு

பி.எட். வகுப்பில் சேரும் நம் இளைஞர் முதலில் அஞ்சுவது கற்பித்தல் பயிற்சிக்கே. ஆங்கிலத்தை விருப்பப் பாடமாகக் கொண்டோர்க்கு அச்சம் இரட்டிப்பு. இப்பயிற்சியின் வரலாற்றையும், அதில் நம் முன்னோர் நின்ற இடத்தையும் இம்மலரில் சிறிது எழுத விழைகிறோம்.

ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில், படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றார். ஆசிரியர் ஒத்துழைக்காமற் போகவே, ஜான் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையை விளக்கி 1797இல் இலண்டனில் நூலும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையும் ஏறத்தாழ இதுவே. ஆயின், அத்திண்ணையில் ஏற நம் பிள்ளைகளுக்கு உரிமையில்லை.

1856இல் சென்னையில் அரசினர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அங்குப் பயின்றோர் பாடம் நடத்திப் பழக மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. ஆனால் பள்ளிப் படிப்பே எட்டாதவர் பயிற்சிப் பள்ளியை எவ்வாறு எட்டுவர்? 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் திறந்த இலவசப் பள்ளியும், 1920க்குப் பின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகளும் நமக்கு முதற்படிகள். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பாடநூல்களும் எழுதிய எம்.சி. ராஜா, பின்னர் மத்திய சட்டசபையில் அமர்ந்தார். அவர் ஆசிரியர் என்பதை நம்மவரே மறந்துவிடுகின்றனர்!

விடுதலைக்குப் பின் ஆங்கிலம் கற்பிக்கும் முறையே மாறிற்று. இலக்கணச் சூத்திரங்களை ஒப்புவிப்பதை விடுத்து, வாக்கிய அமைப்புகளைப் பொருள்களைக் காட்டிப் பேசிப் பழக்கும் முறை வந்தது. அதனைப் பரப்ப 1959இல் சென்னை மாநிலத்தில் பேரியக்கம் ஒன்று தொடங்கிற்று. இலக்கு 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள். பயின்ற சிலர் பலருக்குப் பயிற்றுவிக்க, உருளும் பனிக்கட்டி போல் அது பெருகவேண்டும் என்பது திட்டம். கைமாறக் கைமாறச் சாரம் குறைவது இத்தகைய திட்டங்களின் இயல்பு என்பது எம் கருத்து. ஆயினும் அம்முறையில் ஓர் உண்மை உண்டு. ‘இது புத்தகம்’ என்று வினைச்சொல் இல்லாமலே தமிழில் முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் ‘இஸ்’ வேண்டும். ஆகவே ‘திஸ் புக்’ என்று நிறுத்தும் பிள்ளை அறிவற்றவனல்லன், தமிழில் நினைக்கிறான். இதனையறியாத ஆசிரியர் அடிப்பார். அறிந்தவர் புத்தகத்தைக் கையிலெடுத்து நான்கு முறை சொல்லிக் காட்டுவார். இயந்திரம் போற் சொல்லவைப்பது போதாதென்று கருதிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் வேறு வழியைச் சோதித்தார். அவரது 1987ஆம் ஆண்டு நூலை ஆங்கிலம் பயிற்றும் உலகம் இன்றும் பேசுகிறது.

திருச்சி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூரும், பெரம்பலூரிலிருந்து நிலையாக 2007இல் அரியலூரும் தனி மாவட்டங்களாயின. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மண்ணிலும், சுண்ணாம்புக்கல் வெட்டும் ஊர்களிலும் வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைகளே பெரும்பாலோர். எம் காலத்தில் பயிற்சி சில வாரங்களே. பயிற்சிக்குச் சென்ற ஒரு பள்ளியில், பெயரைக் கேட்குமுன் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அங்கு எமக்குக் கிடைத்தது கடைசிப் பாடவேளை மட்டுமே.

2015இல் பி.எட். ஈராண்டாயிற்று, பள்ளியில் தங்கிப் பயிலும் காலம் இருபது வாரங்கள். இதனைச் சுமையென்று முணுமுணுக்கும் நம் இளைஞரை யாம் அறிவோம். எம் பள்ளிக்கு வந்த பயிற்சி மாணவி ஒருத்தி, முதல் வாரம் பாடக்குறிப்பைப் பார்த்தே படித்தாள். ஆறாம் வாரம் வகுப்பைக் கடந்தபோது அவள் குரல் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் ஆங்கிலத்தில் வினவிக்கொண்டிருந்தனர். வாசலில் நின்ற எம்மை எவரும் கவனிக்கவில்லை.