ரிட்டர்ன் பம்பு (மீன் தொட்டி)

மீன் தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டியிலிருந்து, சுத்தமான நீரை மீண்டும் மேலே ஏற்றும் மின்பம்பு. பேரா மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரியின் பொன்னிற அரோவானா மீன் உலகப் புகழ் பெற்றது. அதே மாநிலத்தில், மஞ்சோங் மாவட்டத்து ஆயர் தாவார் போன்ற ஊர்களில் அரோவானா வளர்ப்போர் பெரிய தொட்டிக்கு இந்த அமைப்பையே நாடலாம்.

பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நம்பி வாங்கக் கூடாது. அது நீரை உயர்த்தாதபோது கிடைக்கும் அளவு. ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றினால் வெகுவாகக் குறையும். நன்னீர்த் தொட்டிக்கு மணிக்கு நான்கைந்து முறை நீர் சுழன்றால் போதும். 240 லிட்டர் தொட்டியென்றால், நீரை ஏற்ற வேண்டிய உயரத்தில் மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் தருகிறதா என்று பாருங்கள். வாட் குறைந்ததே மேல்: மூழ்கு பம்பின் வெப்பம் நீரில்தான் இறங்கும், மலேசிய வெயிலில் நீர் ஏற்கெனவே வெதுவெதுப்பு.

இடிமழையில் மின்சாரம் போனால் மேல்நீர் அதே குழாய் வழியே கீழிறங்கி வடிகட்டித் தொட்டி வழியும். மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளையிட்டால் காற்றுப் புகுந்து நீர் இறங்குவது நிற்கும். பாசி அடைக்கும் துளை இது. அடிக்கடி குத்திவிட வேண்டும்.

மாதமொருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, காந்தச் சுழலியை உருவி, வழவழப்பைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். வெள்ளைப் படிவுக்குப் புளிக்காடி. கடகடவென்று சத்தம் கேட்டால் பீங்கான் தண்டையும் ரப்பர் புஷ்ஷையும் பார்க்கவும்.