மதிப்பூதியம் என்றொரு சொல்

மணவூரில் எங்கள் பெரியம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்வாடி டீச்சர், அவ்வளவுதான். காலையில் அரக்கோணம் லோக்கல் போகும் சத்தம் கேட்டால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சத்துமாவு மூட்டையை எண்ணி இறக்குவது, பிள்ளைகளை எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது, கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, சொட்டு மருந்து நாளில் முகாமில் உட்காருவது, வாக்காளர் பட்டியலோடு தெருத்தெருவாக நடப்பது எல்லாம் அவர் வேலை.

“இது கவர்மெண்ட் வேலைதானே பெரிம்மா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

“வேலை வாங்கறப்போ கவர்மெண்டு. காசு கேக்கறப்போ சேவை” என்றார்.

அது அலுப்பில் வந்த பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கியபோது, அரை நூற்றாண்டு வழக்கு வரலாற்றை அவர் இரண்டே வரியில் சொல்லியிருந்தது புரிந்தது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. அந்தந்த ஊர்ப் பெண்களையே எடுத்து, ‘கௌரவப் பணியாளர்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். கேட்க மரியாதையான சொல். ஆனால் சம்பளம் என்று எழுதினால் அதன் பின்னாலேயே குறைந்தபட்சக் கூலி, சேமநிதி, பணிக்கொடை என்று சட்டங்கள் வரிசையாக வந்து நிற்கும். மதிப்பூதியம் என்று எழுதிவிட்டால் அந்தக் கதவைச் சாத்திவிடலாம்.

கதவைத் தட்டியவர்கள் இருந்தார்கள். கர்நாடக அரசுக்கும் அமீர்பீ என்பவருக்கும் இடையிலான வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கன்வாடிப் பணியாளர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்றது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அவர்கள் தேர்தலில் நிற்கலாம் என்பது. அரசு ஊழியர் நிற்க முடியாது, இவர்கள் நிற்கலாம், ஆகவே இவர்கள் அரசு ஊழியர் இல்லை.

இந்த இடத்தில் எல்லையைக் கொஞ்சம் தாண்டிப் பார்க்க வேண்டும். எங்கள் திருத்தணிப் பகுதியே 1960 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் பாதி உறவு நகரி, புத்தூர் பக்கம். ஆந்திராவில் 2019 ஆகஸ்ட் 15 முதல் ஏறக்குறைய 50 வீட்டுக்கு ஒரு ‘வாலன்டியர்’ வந்தார். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். முதியோர் பென்ஷனை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுடைய முக்கிய வேலை. 2024 தேர்தல் நேரத்தில், அவர்கள் கையால் பணம் கொடுக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் தடுத்தது. தேர்தலின் பார்வையில் அவர்கள் அரசின் கை. ஆட்சி மாறியதும் அந்த ஜூலையிலேயே பென்ஷன் செயலக ஊழியர்கள் கைக்குப் போனது. வேலை போகும்போது அவர்கள் வெறும் தன்னார்வலர்கள். அங்கே தேர்தலில் நிற்கலாம் என்பதால் ஊழியர் இல்லை, இங்கே ஊழியர் மாதிரி இருப்பதால் தேர்தல் பக்கம் வரக்கூடாது. இரண்டு பக்கமும் நஷ்டம் ஒரே ஆளுக்குத்தான்.

சொல்லை விட்டுவிட்டு வேலையைப் பார்த்த தருணங்களும் உண்டு. ஊர்க்காவல் படையினர் சட்டப்படி தன்னார்வலர்களே. அவர்களை நிரந்தரமாக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றம், 2015இல், அவர்களுடைய ஒரு மாதப் பணிப்படி காவலருக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சமமாக வர வேண்டும் என்றது. 2020 மார்ச்சில் கொரோனாப் பணிக்கு அறிவித்த 50 லட்ச ரூபாய்க் காப்பீட்டில் ஆஷா பணியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்க்கப்பட்டார்கள். தொற்று ஆளின் பதவியைக் கேட்டுக்கொண்டு வராது என்பது அப்போது அரசுக்கும் தெரிந்திருந்தது.

பெரிய திருப்பம் 2022 ஏப்ரல் 25. குஜராத்தின் மணிபென் மகன்பாய் பரியா வழக்கு. மதிப்பூதியம் ஊதியம் ஆகாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா ரத்து செய்தார்கள். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடிகள் மீது சட்டக் கடமையைச் சுமத்திவிட்டது. அங்கே நடப்பது பகுதிநேரச் சேவை அல்ல, முழுநேர வேலை. பெயர் எதுவாக இருந்தாலும் வேலைக்காகக் கொடுக்கப்படுவது ஊதியமே. எனவே 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். அப்போது குஜராத்தில் பணியாளருக்கு மாதம் 7,800 ரூபாய், உதவியாளருக்கு 3,950 ரூபாய் என்பதையும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளருக்குச் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ உண்டு. அரசு ஊழியரின் முழுக் காலமுறை ஊதியம் இல்லை என்பதைத்தான் இங்கே ‘சிறப்பு’ என்கிறோம். அதனால் பெரியம்மாவுக்கும் இந்தத் தீர்ப்பு அந்நியமாகப் படவில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அதை விளக்கினேன். வருஷத்துக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு. 7,800 ரூபாய் வாங்கியவர் முப்பது வருஷம் உழைத்திருந்தால் 1,35,000.

விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஆயாவுக்கும் உண்டா?”

“உண்டு பெரிம்மா. 3,950க்கு அதே கணக்குப் போட்டா அறுபத்தெட்டாயிரம் சொச்சம் வரும்.”

“அவதான்டா கூட்டிப் பெருக்கி, ஆக்கிப்போட்டு, பிள்ளைங்களைக் கழுவி விட்டவ” என்றார். “அவளையும் வாலன்டியர்னா எழுதி வச்சிருந்தாங்க?”