தாலியும் நாற்காலியும்

முதலாளியும் அவருடைய உதவியாளரும் ஏதோ ஒரு கட்டாயத்தால் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். நடிப்பு மெல்ல மெல்ல நிஜமாகிறது. மாத நாவல் வாசகர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். ‘ஒப்பந்தக் கல்யாணம்’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டாலே போதும், அடுத்தடுத்த திருப்பங்களை அவர்களே சொல்லிவிடுவார்கள். 2009இல் வந்த ‘தி ப்ரொபோசல்’ என்ற ஹாலிவுட் படத்தில், விசா சிக்கலில் மாட்டிய பெண் அதிகாரி ஒருத்தி தன் உதவியாளனையே மாப்பிள்ளை என்று அறிவித்துவிடுகிறாள். இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று தோன்றலாம். ஆனால் உத்தியோகமும் தாலியும் முட்டிக்கொள்ளும் இந்த வகை நகைச்சுவைக்குக் காவிரிப் படுகையில் 140 ஆண்டுகளுக்கும் மேலான வம்சாவளி உண்டு. அதை வளர்த்தவர்களில் ஒருவர் முன்சீப், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் கணக்கு அலுவலக ஊழியர். மூவருமே மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள்.

முதலாமவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு சீர்காழி, அதன்பின் மாயூரம். அங்கே அவர் இருந்த 13 ஆண்டுகளில் ஊரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தால் வழக்காடுகிற குடியானவனுக்கு என்ன புரியும் என்று கவலைப்பட்டு, 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்தவர் அவர். 1876-78 பஞ்சத்தில் தன் பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு அவர்மீது கீர்த்தனையே பாடினார்.

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில், 1879இல், ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவல். அதன் நாயகன் பிரதாபன், சத்தியபுரி என்ற ஊரின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. படிப்பிலும் புத்தியிலும் அவனை மிஞ்சியவள் ஞானாம்பாள். இருவருக்கும் பல இடையூறுகளுக்குப் பிறகு கல்யாணம் நடக்கிறது. வழக்கமான கதை அங்கே முடிந்திருக்கும். முன்சீப்பின் கதை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது.

வேட்டைக்குப் போன பிரதாபன் காட்டில் வழி தப்பி, விக்கிரமபுரி என்ற அந்நிய நாட்டில் சிக்கி, ஒரு செருப்புத் தொழிலாளியோடு ஏற்பட்ட வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போகிறான். கணவனைத் தேடி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். விக்கிரமபுரியின் அரசர் வாரிசில்லாமல் இறந்திருக்க, பட்டத்து யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை அந்த மாலையை வேடமிட்ட ஞானாம்பாளின் கழுத்தில் போடுகிறது. அரியணை ஏறியவள் கணவனைச் சிறையிலிருந்து மீட்டுத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். சபையில் அவள் அரசன், அவன் அரசனுக்குத் துணை நிற்பவன். கதவைச் சாத்தினால் கணவனும் மனைவியும். ஊர் முழுவதும் அரசனைக் கும்பிடும்போது, உண்மை தெரிந்த ஒரே ஆளாகப் பிரதாபன் நிற்கிறான்.

யானை அரசனைத் தேர்ந்தெடுப்பது இந்த மண்ணின் பழைய கதை. கழுமலத்து யானை கருவூர்வரை போய்க் கரிகாலனைச் சோழ அரியணைக்குக் கொண்டுவந்தது என்பது மரபு. கழுமலம் என்பது சீர்காழியின் 12 பெயர்களில் ஒன்று. அந்தச் சீர்காழியில்தான் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தார். பழைய யானைக்கு அவர் புதிய வேலை கொடுத்தார். ‘பெண்மதி மாலை’யை 1869இலேயே எழுதி, பெண் கல்விக்காக வாதாடியவர் அவர். ஒரு பெண்ணால் நாட்டை நிர்வகிக்க முடியும் என்று வாதத்தால் ஒப்புக்கொள்ளாத வாசகரை, சிரிக்க வைத்து ஒப்புக்கொள்ள வைப்பது அவர் வழி. ஞானாம்பாளின் தீர்ப்புகளையும் சீர்திருத்தங்களையும் அவர் பக்கம் பக்கமாக விவரிக்கிறார். தமிழ் வழக்காடும் கோர்ட்டில் ஆங்கிலத்தில் வாதிடும் வக்கீல்களை அந்த நாவலிலேயே வாங்கு வாங்கென்று வாங்குகிறார். வேலை என்றால் என்ன, அதிகாரம் என்றால் என்ன என்பதை உள்ளிருந்து பார்த்த ஒருவர்தான் இந்த ஜோடியை இப்படி எழுதியிருக்க முடியும்.

அவருக்குப் பிந்தைய இரண்டு தலைமுறைகளில் படுகையின் வாழ்க்கை மாறியது. நஞ்சை எத்தனை வேலி என்பதுதான் அதுவரை ஒரு குடும்பத்தின் மதிப்பு. கும்பகோணத்தில் 1854இல் தொடங்கிய அரசுப் பள்ளி பின்னர் கல்லூரியாக வளர்ந்து, மிராசுதார்களின் பிள்ளைகளையும் கணக்கர்களின் பிள்ளைகளையும் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ரயில்வேக்கும் அனுப்பியது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது. நிலத்தை மட்டும் நம்ப முடியாது என்ற நிலை வந்தபோது, பட்டம் வாங்கியவர்களுக்கும் வேலை இல்லை. உத்தியோகம் புருஷ லட்சணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் எந்த நிபந்தனைக்கும் தலையாட்டத் தயாரானார்கள்.

அதே காலத்தில் வங்காளத்திலும் அதே கதைதான். ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய ‘மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்ற நகைச்சுவை நாடகத்தில், பள்ளிக்கூட வேலைக்காக அறிமுகமில்லாத ஆணும் பெண்ணும் தம்பதியாக நடிக்கிறார்கள். 1935இல் அது வங்காளிப் படமாயிற்று. அதைத் தழுவி நாகிரெட்டி, சக்ரபாணியின் விஜயா நிறுவனம் எல். வி. பிரசாத் இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம் 1955 பொங்கலை ஒட்டி வந்தது. தமிழில் அதன் பெயர் ‘மிஸ்ஸியம்மா’.

ஜமீன்தார் ஒருவர் தன் கிராமத்துப் பள்ளிக்குப் பட்டதாரித் தம்பதி தேவை என்று விளம்பரம் கொடுக்கிறார். மேரிக்குக் கடன் தொல்லை, பாலுவுக்கு வயிற்றுத் தொல்லை. கிறிஸ்தவப் பெண்ணான மேரி பொட்டு வைத்துக்கொண்டு பாலுவின் மனைவியாக ஊருக்கு வருகிறாள். முதலாளி இருவரையும் பிள்ளைகளைப் போல நேசிக்கிறார். அந்த நேசம்தான் அவர்களுக்குப் பெரிய சங்கடம். சாவித்திரியும் ஜெமினி கணேசனும் சண்டையிடும் ஒவ்வொரு காட்சியிலும், வேலை போய்விடக் கூடாதே என்ற பயமும் காதலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

இந்தப் படத்தின் பாடல்களை எழுதிய தஞ்சை ராமையாதாஸ்தான் இரண்டாமவர். தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் 1914இல் பிறந்தவர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் தமிழ் படித்து, பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு வாத்தியாராகப் போனவர். வாத்தியார் வேலைக்காகப் பொய் சொல்லும் இருவரின் கதைக்கு ஒரு நிஜ வாத்தியாரே பாட்டெழுதினார். நிலாவைத் தூது விடுவது தமிழ்ப் புலவர்களுக்குப் பழக்கமான வேலை. ராமையாதாஸ் நிலாவை நடுவராக்கினார். பொய்க் கணவனும் பொய் மனைவியும் ஒருவர்மீது ஒருவர் அதனிடம் குற்றப்பத்திரிகை படிக்கிறார்கள். எஸ். ராஜேஸ்வர ராவின் இசையில் ஏ. எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய அந்தப் பாட்டு, 70 ஆண்டுகள் கழித்தும் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் ஒலிக்கிறது. ஊடலில்தான் இவர்கள் உண்மையான தம்பதியாகிறார்கள் என்பதைக் கதை சொல்வதற்கு முன்பே பாட்டு சொல்லிவிடுகிறது.

துப்பறியும் பித்துப் பிடித்த மருமகனாக வந்து இந்தப் பொய்யைச் சுற்றிச் சுற்றி வரும் கே. ஏ. தங்கவேலுவும் படுகைக்காரர்தான். காரைக்காலுக்கு அருகே திருமலைராயன்பட்டினத்தில் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். ஜெமினி கணேசன் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஜெமினி ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவர். அங்கே வாய்ப்புத் தேடி வந்த சாவித்திரியைப் புகைப்படம் எடுத்து, கவனிக்கத் தக்கவர் என்று குறித்து வைத்தவர் அவரே என்று இருவரின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ‘மிஸ்ஸியம்மா’ வெளியானபோது அவர்களுக்கு ரகசியமாகக் கல்யாணம் ஆகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. திரையில் இல்லாத கல்யாணத்தை இருப்பதாகக் காட்டியவர்கள், திரைக்கு வெளியே இருந்த கல்யாணத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் ‘மாயா பஜார்’ எடுத்தது. வத்சலாவின் உருவில் கடோற்கசன் மணமேடை ஏறி லக்கணகுமாரனை மிரட்டும் அந்தப் பொய்க் கல்யாணத்திலும் சாவித்திரிதான் மணப்பெண். கடோற்கசன் ஒருவனாகவே கல்யாண விருந்து முழுவதையும் வாயில் போட்டுக்கொள்ளும் காட்சிக்கும் ராமையாதாஸின் பாட்டுத்தான்.

மூன்றாமவர் கே. பாலச்சந்தர். 1930இல் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, முத்துப்பேட்டையில் ஆசிரியராக இருந்து, 1950இல் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சேர்ந்தார். பகலில் கோப்பு, மாலையில் நாடக ஒத்திகை என்று பல ஆண்டுகள் வாழ்ந்தவர். மேலதிகாரியின் அறைக் கதவு திறக்கும் சத்தத்துக்கே ஓர் அலுவலகம் முழுவதும் எப்படி முகம் மாறும் என்பது அவருக்குத் தெரியும்.

1969இல் அவர் இயக்கிய ‘இரு கோடுகள்’, ஜோசப் ஆனந்தனின் கதை. குமாஸ்தா கோபிநாத்தின் அலுவலகத்துக்குப் புதிய கலெக்டர் வருகிறார். அவர், கோபிநாத் பிரிந்து வந்த முதல் மனைவி ஜானகி. கோபிநாத்துக்கு இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. இருவரும் பழைய உறவை மறைத்து, கலெக்டரும் குமாஸ்தாவுமாக எதிரெதிரே நிற்க வேண்டும். வேதநாயகம் பிள்ளையின் விக்கிரமபுரி அரண்மனை கலெக்டர் ஆபீசாக மாறிவிட்டது. உயர்ந்த நாற்காலியில் மனைவி, அதற்கு முன்னால் கணவன், ஊருக்குத் தெரியாத தாலி. ஞானாம்பாள் மீசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சௌகார் ஜானகி நடித்த ஜானகிக்கு அது தேவைப்படவில்லை, அவள் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதி வந்தவள். குமாஸ்தாவாக நடித்தவர் மறுபடியும் ஜெமினி கணேசன். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. 1981இல் ‘தில்லு முல்லு’வில் பாலச்சந்தர் மறுபடியும் முழுச் சிரிப்புக்குத் திரும்பினார். முதலாளியின் விருப்பத்துக்காக மீசை வைத்த ஊழியன், பொய்க்கு மேல் பொய்யாக மீசையில்லாத தம்பியையும் அம்மாவையும் உருவாக்குகிறான்.

இந்தக் கதைகளில் வரும் நிபந்தனைகள் கற்பனையின் மிகை என்று நினைத்தால், அரசாங்கத்தின் சொந்த ஏடுகளைப் பார்க்க வேண்டும். 1951இல் ஐ.ஏ.எஸ். தேர்வு பெற்று சென்னை மாநிலத்தில் பணியேற்ற அன்னா ராஜத்தின் நியமன ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று எழுதியிருந்தது. திருமணமான பெண் அதிகாரியைப் பணி விலகச் சொல்லும் அதிகாரத்தை 1954ஆம் ஆண்டின் ஐ.ஏ.எஸ். பணிவிதிகள் அரசுக்குக் கொடுத்தன. ‘இரு கோடுகள்’ திரையில் ஓடியபோதும் அந்த விதி இருந்தது. வெளியுறவுத் துறையிலும் பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சி. பி. முத்தம்மா அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி 1979இல் தீர்ப்பெழுதினார். ஞானாம்பாளின் ஆட்சி அச்சேறி அப்போது சரியாக 100 ஆண்டுகள்.

ஜமீன்தாரின் விளம்பரம் தாலி இருந்தால்தான் வேலை என்றது. அரசாங்க விதி தாலி ஏறினால் வேலை போகலாம் என்றது. சம்பளம் கொடுப்பவர் ஊழியரின் கல்யாணத்தில் தலையிட்ட காலம் இது. அந்தத் தலையீட்டை நேரில் எதிர்க்க முடியாதவர்கள் வேடம் போட்டார்கள், எழுத்தாளர்கள் அந்த வேடத்தைக் கதையாக்கினார்கள். ஒப்பந்தக் கல்யாண நாவல் இன்றும் விற்பதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. வாடகை வீடு தேடும் தனி ஆணையும் பெண்ணையும் கேட்டால், கல்யாணம் ஆனவர் என்று ஒரு பொய் சொல்லத் தோன்றிய நாளை அவர்கள் சொல்வார்கள்.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ இன்று பலருக்கும் போட்டித் தேர்வின் ஒரு மதிப்பெண் விடையாக மட்டுமே தெரியும். அது சிரிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம் என்பதே மறந்துவிட்டது. அதில் நீதி போதனைகளும் கிளைக்கதைகளும் நிறைய உண்டு. முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் இன்றைய வாசகர் நடுவில் களைத்துப் போகலாம். அப்படிப்பட்டவர்கள் பிரதாபன் விக்கிரமபுரியில் கைதாகும் இடத்திலிருந்து படிக்கட்டும். சிறைக் கைதி அரசனின் முன் கொண்டுவரப்பட்டு, அந்த அரசன் யார் என்று அறிந்துகொள்ளும்வரை ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதன்பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினால், முன்சீப்பின் பழைய நடை தானாகவே வழிவிடும்.