கிளம்ப முடியாத காடு

மணி காலை ஒன்பது. ஆனால் வானம் கன்னங்கரேல் என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு மாறி ரத்தச் சிவப்பானது.

2019, டிசம்பர் 31. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிழக்குக் கோடியில், மல்லகூட்டா என்றொரு கடலோர ஊர். உள்ளூர்க்காரர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். நமக்கு மார்கழிக் குளிர் என்றால் அவர்களுக்கு உச்சக் கோடை. லீவுக்கு வந்த கூட்டம் ஊரை நிரப்பியிருந்தது. ஊரைச் சுற்றிக் காடு. காட்டில் தீ. சாலையை மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே திசை, கடல்.

சுமார் நாலாயிரம் பேர் கரையில் போய் நின்றார்கள். முகத்தில் ஈரத்துணி, கையில் குழந்தை, கயிற்றில் நாய். சிலர் படகிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தீ இன்னும் நெருங்கினால் தண்ணீரில் இறங்குவது என்று முடிவு. நல்லவேளையாகக் காற்று திசை திரும்பியது. உயிர் பிழைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் பிழைக்கவில்லை. மூன்று நாள் கழித்து 'சூல்ஸ்' என்ற கடற்படைக் கப்பல் வந்து, ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை ஏற்றிக்கொண்டு போனது. யுத்தத்துக்குப் போகிற கப்பல், சுற்றுலாப் பயணிகளைக் காப்பாற்ற வந்தது!

அந்தக் கோடைக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்த பெயர் 'கறுப்புக் கோடை'.

ஏன் இப்படி எரிந்தது? 2019-தான் அந்நாட்டின் பதிவேடுகளிலேயே மிக வெப்பமான வருடம், மிக வறண்ட வருடமும் அதுவே. போதாக்குறைக்கு அங்கே இருக்கிற மரம் அப்படி. ஊட்டியில் பாட்டில் பாட்டிலாக நீலகிரித் தைலம் விற்கிறார்கள் இல்லையா, அந்த யூகலிப்டஸ் மரத்தின் பூர்விகம் ஆஸ்திரேலியாதான். வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார்கள். இலை முழுக்க எண்ணெய். தலைவலிக்கு நல்ல சரக்கு, தீக்கும் அதேதான். உரிந்து தொங்குகிற பட்டை, கொள்ளிக்கட்டை மாதிரி காற்றில் பறந்து, கிலோமீட்டர்கள் தள்ளிப் போய் அடுத்த தீயை வைக்கும். தீ பெரிதாகிவிட்டால் அதுவே தனக்கென ஒரு இடிமேகத்தை உண்டாக்கிக்கொள்ளும். மழை வராது, மின்னல் மட்டும் வரும். அந்த மின்னலில் இன்னொரு தீ.

சரி, மொத்த நஷ்டம் எவ்வளவு? நான் படித்தது காமர்ஸ். எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் புரியும். கணக்கைத் திறப்போம்.

முதல் பக்கம், மனிதர்கள். தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். இதில் சிலர் சம்பளம் வாங்காத தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள். தண்ணீர் கொட்டப் போன ஹெர்குலிஸ் விமானம் விழுந்து இறந்த மூன்று அமெரிக்கர்களும் இந்தக் கணக்கில் உண்டு.

இரண்டாம் பக்கம், சொத்து. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு வந்த கோரிக்கை மட்டும் 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

மூன்றாம் பக்கம், காடு. நாடு முழுக்க எரிந்தது 2.4 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இப்போது முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிக்கிறது அல்லவா? இவ்வளவு பெரிய தீயில் 33 பேர்தானா? இந்த 33 என்ற எண்ணுக்குப் பின்னால் எண்பது வருடச் சரித்திரம் இருக்கிறது.

1939, ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. மெல்போர்னில் வெயில் 45.6 டிகிரி. அன்று விக்டோரியா காடுகளில் பற்றிய தீ, அந்தக் கோடையில் 71 பேரைக் கொன்றது. காட்டுக்கு நடுவே இருந்த மரம் அறுக்கும் மில்களில் 69 எரிந்து போயின. சாம்பல் கடல் தாண்டி நியூசிலாந்து வரை போய் விழுந்தது. விசாரிக்க வந்தவர் நீதிபதி லியோனார்ட் ஸ்ட்ரெட்டன். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி கேட்டார். கடைசியில் பட்டவர்த்தனமாக எழுதினார்: தீ வைத்தது மனிதக் கைதான். இந்த மண்ணில் இவர்கள் போதிய காலம் வாழவில்லை, அதனால் இந்தக் காட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்றும் சொன்னார்.

உண்மைதானே? பல்லாயிரம் வருடங்களாக அங்கே இருந்த பழங்குடிகளுக்குக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, பக்குவமாக எரித்து வைக்கத் தெரியும். அவர்களை விரட்டிவிட்டுக் குடியேறியவர்களுக்குத் தெரியாது.

அடுத்து 2009, பிப்ரவரி 7, சனிக்கிழமை. அதே விக்டோரியா. மெல்போர்னில் 46.4 டிகிரி. பழைய சாதனை காலி. அன்றைக்கு அரசாங்கம் மக்களுக்குச் சொல்லி வைத்திருந்த பாடம் இதுதான்: 'ஒன்று, முன்னாடியே கிளம்பிவிடு. இல்லையா, தயாராக இருந்து வீட்டைக் காப்பாற்று.' நிறைய பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். சொந்த வீடு, கடன் வாங்கிக் கட்டியது. விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்? இறந்தவர்கள் 173 பேர். அதில் 113 பேரின் உயிர் பிரிந்தது வீட்டுக்குள்ளேயே.

மறுபடி விசாரணை கமிஷன். இந்தமுறை பாடத்தையே திருத்தினார்கள். அபாய அளவுகோலில் 'பேரழிவு' என்று புதிதாக ஒரு படி சேர்த்தார்கள். அந்த நாளில் வீட்டைக் காப்பாற்றும் பேச்சே கிடையாது. கிளம்பு. அவ்வளவுதான்.

அந்தப் 'பேரழிவு' எச்சரிக்கை சிட்னி மாநகருக்கு முதன்முதலாக விடுக்கப்பட்டது 2019 நவம்பர் 12-ல். மக்கள் கிளம்பினார்கள். கடற்கரை ஊர்களில் இருந்து கார்கள் மைல்கணக்கில் வரிசை கட்டி வெளியேறின. 2009-ல் எரிந்ததைவிட ஐம்பது மடங்கு நிலம் எரிந்தும் 33 உயிரோடு நின்றது என்றால், அதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 173 பேர் உயிரைக் கொடுத்து எழுதிவைத்த பாடம் அது.

ஆக, ஜெயித்துவிட்டார்களா? அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

ஊரைவிட்டுக் கிளம்பியவர்களைப் புகை துரத்தியது. 2020 புத்தாண்டு தினத்தில் தலைநகர் கான்பெராவின் காற்று, அபாய எல்லையைப் போல இருபது மடங்குக்கும் மேல் கெட்டுக் கிடந்தது. புகையால் இதயமும் நுரையீரலும் பழுதாகி இறந்தவர்கள் சுமார் 417 பேர் இருக்கலாம் என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தீயில் இறந்தவர்களைப் போல பன்னிரண்டு மடங்கு! இவர்கள் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி ரிக்கார்டில் 'மாரடைப்பு', 'ஆஸ்துமா' என்று போயிருக்கும். நினைவுத் தூணில் பெயர் வராது.

விலங்குகள் இன்னும் மோசம். இறந்தவை, இருப்பிடம் இழந்தவை சேர்த்துக் கிட்டத்தட்ட 300 கோடி என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. இதில் 246 கோடி, பல்லி, பாம்பு போன்ற ஊர்வன. கங்காருத் தீவில் பாதி எரிந்துபோனது. கிழக்குப் பகுதிக் காடுகளில் சாதாரணமாக ஒரு வருடத்துக்கு நூற்றில் இரண்டு பங்குகூட எரியாது. அந்த ஒரு பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இதற்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பாலிசி போடவில்லை. நஷ்டம் உண்டு, நஷ்டஈடு கிடையாது.

மனிதனுக்குக் கற்றுக்கொடுக்க முடிகிறது, 'கிளம்பு' என்று. வீட்டை மறுபடி கட்டிக்கொள்ளலாம். காடு எங்கே கிளம்பும்?

ஒரு இடத்தில் காட்டுக்காகவே ஆட்கள் போனார்கள். சிட்னிக்கு வடமேற்கே ஒரு பள்ளத்தாக்கில் வொல்லமை பைன் என்ற மரம் இருக்கிறது. டைனோசர் காலத்து வம்சம். அழிந்தே போனது என்று நினைத்திருந்தபோது 1994-ல் கண்டுபிடித்தார்கள். காட்டில் மிஞ்சியிருப்பது இருநூறுக்கும் குறைவு. தீ நெருங்கியபோது வீரர்கள் ஹெலிகாப்டரில் இருந்து கயிறு கட்டி இறங்கி, தரையை நனைக்கக் குழாய் போட்டார்கள். மேலிருந்து விமானங்கள் தீத்தடுப்பு ரசாயனம் கொட்டின. சில மரங்கள் கருகின. பெரும்பாலானவை தப்பின.

மற்ற கோடிக்கணக்கான மரங்களுக்கு யாரும் கயிறு கட்டி இறங்கவில்லை. இறங்கவும் முடியாது. 2020 அக்டோபரில் அடுத்த விசாரணை கமிஷன் 80 பரிந்துரைகளைக் கொடுத்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் தந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறது, இனி வருகிற தீ இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்று.

ஸ்ட்ரெட்டன் சொன்ன 'போதிய காலம்' இன்னும் வரவில்லை போலிருக்கிறது.